மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவன்

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. நகராட்சிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. நேரில் போய் உட்கார்ந்தேன். மதியத்துக்கு மேல் லாரி கிளம்பியது. இதைச் செய்தியாக எழுதி அனுப்பவில்லை. கட்சிப் பத்திரிகைக்கு எங்கள் நகரத்துச் செய்திகளை நான்தான் எழுதி அனுப்புகிறேன். லாரி வருவதெல்லாம் செய்தி ஆகாது என்று மாவட்ட அலுவலகத்தில் ஒருமுறை சொல்லிவிட்டார்கள்.

மாலையில் உள்ளாட்சித் தேர்தலுக்கான வார்டு ஒதுக்கீடு வெளியானது. எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு. பதினெட்டு வருடமாக மகளிரணியில் இருக்கிறேன். போன இரண்டு தேர்தலிலும் நகரச் செயலாளர் தங்கப்பாண்டி அண்ணன், “அடுத்த தடவை பாத்துக்கலாம் தங்கச்சி” என்றார். அந்த அடுத்த தடவை வந்திருக்கிறது.

வசுமதியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று அவளுடைய அழகு நிலையத்துக்குப் போனேன். மகளிரணிக்கு நான் முதன்முதலில் கூட்டி வந்தது அவளைத்தான். ஒரு பெண் முகத்தில் எதையோ பூசிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அப்படிக் காத்திருப்பவர்களுக்கு வசு டாரட் சீட்டுப் பார்த்துச் சொல்வாள். ஊரடங்கு காலத்தில் செல்போனில் பார்த்துப் படித்தது.

“அக்கா, உங்களுக்கும் ஒரு சீட்டு எடுங்க.”

“எனக்கு எதுக்குடி? கிளி இல்லாத கிளி ஜோசியம்.”

“கிளின்னா தெனமும் நெல்லு கேக்கும்க்கா. இது கேக்காது.”

எடுத்தேன். ஒருவன் மண்வெட்டிக் காம்பின் மேல் கையை வைத்து, கையின் மேல் தாடையை வைத்து நிற்கிறான். எதிரே ஒரு செடி. அதில் காய்க்குப் பதில் ஆறு பெரிய நாணயங்கள். ஏழாவது அவன் காலடியில் கிடக்கிறது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. வருத்தமும் இல்லை.

“இது உழைப்புக்கான சீட்டுக்கா. நட்டாச்சு, தண்ணி ஊத்தியாச்சு, காயும் காச்சாச்சு. இனிமே அவன் செய்ய வேண்டியது ஒண்ணுதான். பொறுமையா நிக்கணும். அவசரப்பட்டுக் கையை வச்சிரக் கூடாது.”

சீட்டை என்னிடமே கொடுத்துவிட்டாள். ஜெயித்த பிறகு திருப்பித் தந்தால் போதுமாம். சீட்டுக் கட்டில் ஒன்று குறையுமே என்றேன். “குறையட்டுமே. வேற யாருக்கும் இந்தச் சீட்டு வராது, அவ்வளவுதானே” என்றாள்.

செல்போன் உறைக்குள் செருகி வைத்திருக்கிறேன். வெளியே சொல்ல முடியாது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஜாதகம் பார்த்துத்தான் மனுவே கொடுக்கிறார்கள். அவர்களும் வெளியே சொல்வதில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விருப்ப மனு கொடுத்தேன். நிற்க விரும்புகிறவர்கள் கட்சிக்குக் கொடுக்கும் மனு இது. எங்கள் வார்டுக்கு நான்கு பேர். அதில் ஒருத்தி தங்கப்பாண்டி அண்ணனின் மருமகள் யாழினி. இன்ஜினியரிங் படித்த பெண், கல்யாணமாகி வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நான் பார்த்ததைக் கவனித்து அண்ணனே அருகில் வந்தார்.

“சும்மா ஒரு மனு தங்கச்சி. மனு அதிகமா வந்தாத்தான் நம்ம நகரம் சுறுசுறுப்பா இருக்குன்னு தலைமைக்குத் தெரியும்.”

அதுவும் சரிதான். போன முறை பக்கத்து நகரத்தை விட நமக்கு மனு குறைவு என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 14, புதன்

அவர் இன்று சீட்டைப் பார்த்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிவஞானம் மின்வாரியத்தில் லைன்மேன். செல்போனுக்குச் சார்ஜ் போடும்போது உறை கழன்று சீட்டு கீழே விழுந்திருக்கிறது.

“யார் இந்த ஆளு? நம்ம பொதுப்பணித் துறையா? மண்வெட்டியை வச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறான்.”

“சும்மா இல்லைங்க. இத்தனை நாள் செஞ்சதுக்கு என்ன வந்துருக்குன்னு பாக்கிறான்.”

“பாத்துக்கிட்டே நிக்கச் சொல்லு. வேற எவனாச்சும் கூடையோட வந்துருவான்.”

அவருக்கு எல்லாமே கேலி. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார். “படம் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முதியோர் உதவித்தொகை நின்றுபோன மூன்று பேருக்கு மனு எழுதினேன். வீட்டில் மாவு அரைத்தேன். அடைமழை போல ஒரு மழை, கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது.

வசுவின் கடையில் யாழினி இருந்தாள். கைத்தறிப் புடவை, தளர்வான பின்னல், சின்னப் பொட்டு. வெள்ளைத் துணி கட்டி அதன் முன் அவளை நிறுத்தி, கைகூப்பச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் கல்யாணத்தில் வாசலில் வைக்கும் வரவேற்புப் பேனருக்காம். கல்யாணத்துக்குப் பட்டு உடுத்தாமல் கைத்தறி உடுத்துகிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படித்த பெண்களிடம் இந்த எளிமை வந்திருக்கிறது. அவளிடமே சொன்னேன். “தாங்க்ஸ் ஆன்ட்டி” என்றாள். வசு சீப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மாவட்டத் தலைநகரில் நேர்காணல். வசு துணைக்கு வந்தாள். உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிறைக்குப் போனதுண்டா என்று ஒருவர் கேட்டார். மறியல் செய்து கைதானதையும், எங்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டதையும் சொன்னேன். “அதெல்லாம் சிறை இல்லம்மா, எலுமிச்சஞ்சாதம் குடுத்திருப்பாங்களே” என்று அவர் சிரித்தார். புளியோதரை என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிறகு மாவட்டச் செயலாளர், வார்டில் எந்தத் தெருவில் நாம் பலவீனம், ஏன் என்று கேட்டார். தெருத் தெருவாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வசுவுக்கு ஒரு போன் வந்தது. எழுந்து முன் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பேசினாள். வந்து உட்கார்ந்த பிறகு தலைவலி என்று கண்ணை மூடிக்கொண்டாள். வெயிலில் அலைந்தது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்னும் பட்டியல் வரவில்லை. மாவட்டச் செயலாளரை நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று வசுவிடம் கேட்டேன். பதறிவிட்டாள்.

“போகவே போகாதீங்கக்கா. சீட்டு என்ன சொல்லுச்சு? நிக்கணும். நீங்க போயி நின்னா, நகரச் செயலாளரைத் தாண்டிப் போயிட்டாங்கன்னு பேச்சாயிரும்.”

நியாயம்தான். போகவில்லை.

சோறு வேகும் நேரத்தில் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வசு சொல்கிற மாதிரி அவன் பொறுமையாக நிற்கிறானா, அல்லது இதற்கா இவ்வளவு பாடு என்று நினைக்கிறானா? கூட்டத்துக்கு ஆள் சேர்த்தது, கொடி கட்டியது, யாருக்கோ சான்றிதழ் வாங்கக் காத்துக் கிடந்தது. செய்தபோது ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் மேடையில் பேசுகிறேன். உண்மையைச் சொன்னால் எதிர்பார்த்தேன். எதிர்பார்ப்பது தப்பு என்று அந்தப் படத்தில் இருப்பவன் நினைக்கிறவனாகத் தெரியவில்லை. அவன் செடியைத்தான் பார்க்கிறான், வானத்தை இல்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

என் பெயர் வந்துவிட்டது.

செப்டம்பர் 11, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மேட்டுத் தெருவில் வெடி போட்டார்கள். அவர் வேலையிலிருந்து நேராக வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்து, “கவுன்சிலரம்மா, எங்க தெரு விளக்கு எரியல” என்றார். விளக்குப் போடுவது அவர் துறைதான்.

எங்கள் வார்டுக்கு மாற்று வேட்பாளர் யாழினி. ஒவ்வொரு வார்டிலும் கட்சி இப்படி ஒருவரைக் கூடவே மனுத் தாக்கல் செய்யவைக்கும். முதல் வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் சின்னம் மாற்று வேட்பாளருக்குப் போகும். ஏற்கப்பட்டால் அவர் விலகிவிடுவார். சம்பிரதாயம்தான். எங்கள் நகரத்தில் ஒரு மாற்று வேட்பாளரும் இதுவரை நின்றதில்லை.

தங்கப்பாண்டி அண்ணன் சால்வை போர்த்தினார். “யார் முன்மொழியிறது?” என்று கேட்டார். வீட்டுக்காரர்தான் என்றேன்.

“வீட்டுக்காரரே முன்மொழிஞ்சா என்ன தங்கச்சி அழகு? குடும்பக் கட்சின்னு எதிர்க்கட்சிக்காரன் மேடை போட்டுப் பேசுவான். பொதுமக்கள்ல ஒரு பொம்பளைப் பிள்ளை கையெழுத்துப் போட்டா எப்படி இருக்கும்? அந்த அழகு நிலையத்துப் பிள்ளை இருக்கே.”

நான் நினைத்திருந்ததையே அவர் சொன்னார்.

செப்டம்பர் 12, வியாழன்

வசு கையெழுத்துப் போட்டாள். கடையில் வைத்து, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் மேசையில். நகராட்சி அலுவலகத்துக்கே வந்து அதிகாரிக்கு முன்னால் போடட்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இவ்வளவு நாள் பழகியவளை, கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வா என்று எப்படிக் கூப்பிடுவது? நானே படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். அது என் மரியாதை.

பேனாவை எடுத்துவிட்டு யோசித்தாள்.

“தமிழ்ல போடட்டுமாக்கா? பாங்குல எல்லாம் இங்கிலீஷ்லதான் போடுவேன். இது நம்ம கட்சி மனு. தமிழ்ல இருந்தாத்தான் அழகு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை மகளிரணிக்குக் கூட்டி வந்த முதல் வருடத்தில் கையெழுத்தைத் தமிழில் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இன்றைக்குத்தான் தானாகக் கேட்டிருக்கிறாள். வ, சு, ம, தி என்று பிள்ளைகள் எழுதுவதுபோல் ஒவ்வொன்றாக எழுதினாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

வீட்டுக்காரருடன் சண்டை. இரண்டு செட் மனு கொடு, ஒன்று தள்ளுபடியானாலும் மற்றது நிற்கும், இரண்டாவதில் நான் முன்மொழிகிறேன் என்கிறார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். உண்மைதான். நானே மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். படிவமும் நிரப்பி வைத்திருந்தேன். ஆனால் மாலையில் வசு வந்திருந்தபோது அதை மேசையில் பார்த்துவிட்டாள்.

“இது எதுக்குக்கா? என்மேல நம்பிக்கை இல்லையா?”

காபி வேண்டாம் என்று எழுந்தாள். நான் படிவத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு அவளைத் திரும்ப உட்கார வைத்தேன்.

இரவு சாப்பாட்டில் அவர், “கரண்டு கம்பியைத் தொடுறதுக்கு முன்னால ரெண்டு தடவை பாப்போம். லைனை நிறுத்தினவன் மேல சந்தேகப்பட்டு இல்ல” என்றார். மனிதர்கள் கரண்டுக் கம்பி இல்லை என்று நான் சொன்னேன்.

செப்டம்பர் 14, சனி

மனுத் தாக்கல் செய்தேன். ஒரே செட். ஊர்வலத்தில் எண்ணிப் பார்க்க முடியாத கூட்டம். வசு முன்வரிசையில் இல்லை. கடையில் மணப்பெண் அலங்காரமாம். யாழினியும் மனுக் கொடுத்தாள். என் காலைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 16, திங்கள்

ஒன்றும் இல்லை. நாளை பரிசீலனை. நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். செய்தி எழுதும்போது அப்படித்தான் எழுதுவேன்.

நகராட்சி ஆணையர் அறையில் பரிசீலனை. எங்கள் வார்டு முறை வந்தபோது நான், யாழினி, எதிர்க்கட்சி வேட்பாளர், இரண்டு சுயேச்சைகள் உள்ளே அழைக்கப்பட்டோம். தங்கப்பாண்டி அண்ணன் எங்கள் தரப்பு முகவராக உட்கார்ந்திருந்தார். தேர்தல் அலுவலர் என் மனுவை எடுத்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அதுவரை நான் பார்த்தே இராத ஒருவர், ஒரு சுயேச்சையின் முகவர், எழுந்தார். முன்மொழிந்தவரின் கையெழுத்து அவருடையது இல்லை என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை எழுதத்தான் வேண்டும். கூப்பிட்டுக் கேளுங்கள், பத்து நிமிட நடைதான் என்று நானே சொன்னேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் வெளியே வராந்தாவில் இருந்திருக்கிறாள்.

அலுவலர் மனுவைத் திருப்பிக் காட்டினார். “இது உங்க கையெழுத்தாம்மா?”

வசு குனிந்து பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள்.

“இல்லைங்க சார்.”

“நீங்க இவங்களை முன்மொழியலையா?”

“என்கிட்ட கேட்டாங்க சார். யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்.”

“அப்ப இதைப் போட்டது யாரு?”

“தெரியாதுங்க. நான் எங்கேயும் தமிழ்ல கையெழுத்துப் போடுறதில்ல. எல்லாமே இங்கிலீஷ்தான்.” பையிலிருந்து பாங்குப் புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். கொண்டு வந்திருந்தாள்.

“வசு, என்னைப் பாத்துச் சொல்லு” என்றேன்.

“அம்மா, நீங்க அவங்ககிட்ட நேரடியாப் பேசக் கூடாது” என்றார் அலுவலர். அவர் மேல் தப்பில்லை. நான் பேசியிருக்கக் கூடாது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அலுவலர் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தங்கப்பாண்டி அண்ணன் எழுந்தார். எனக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, மிகவும் வருத்தமான குரலில், “என்ன தங்கச்சி, இப்படிப் பண்ணிட்டியே. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா வேற ஆளை வச்சுப் போட்டிருக்கலாம்ல” என்றார்.

எதிர்க்கட்சி வேட்பாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது பகைப் பார்வை இல்லை. பரிதாபப் பார்வை.

வசு சொன்னதை வாக்குமூலமாக எழுதி வாங்கினார்கள். என் மனு தள்ளுபடி. யாழினியின் மனு ஏற்பு. கைகூப்பி நன்றி சொன்னாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மாடிப்படி இறங்கும்போதுதான் வசு கடையில் கட்டியிருந்த வெள்ளைத் துணி நினைவு வந்தது.

செப்டம்பர் 18, புதன்

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது. நான் போன் செய்யாமலே வந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

வக்கீலைப் பார்த்தோம். இப்போது எந்த நீதிமன்றமும் கைவைக்காது, தேர்தல் முடிந்த பிறகு வழக்குப் போடலாம், வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். வழக்குப் போட்டால் வசுவின் கையெழுத்தைச் சோதனைக்கு அனுப்புவார்கள், பொய் வாக்குமூலம் என்று தெரிந்தால் அவள் உள்ளே போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். “போகட்டும்” என்றார் இவர். நான் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

பால் வாங்க இப்போது மார்க்கெட் வழியாகப் போய் வருகிறேன். வசுவின் தெருவில் குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு என்னவென்றால், பொற்கொடி அவசரத்தில் தானே கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்பது. பதவி கிடைக்கவில்லை என்பதை நான் எப்படியாவது விழுங்கிவிடுவேன் என்று நினைக்கிறேன். இது இறங்க மறுக்கிறது.

சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் அவன் தன் தோட்டத்தில் நிற்கிறான் என்றே எடுத்துக்கொண்டேன். படத்தில் அப்படி எதுவும் இல்லை. வேலி இல்லை, வீடு இல்லை. மண்வெட்டி இருக்கிறது, செடி இருக்கிறது, அவன் இருக்கிறான். கூலிக்கு வந்தவனும் அப்படித்தான் நிற்பான். தண்ணீர் ஊற்றியவனுக்குத்தான் காய் என்று எந்த இடத்திலும் எழுதியில்லை. அதை அவனாக நினைத்துக்கொண்டிருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

செப்டம்பர் 20, வெள்ளி

கடைக்குப் போனேன். தெருவில் குழி எதுவும் இல்லை.

வசு மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவில் தொங்கிய பலகையைத் திருப்பி, கடை மூடியிருக்கிறது என்ற பக்கம் வெளியே தெரியும்படி வைத்தாள். நாற்காலியைக் காட்டினாள். நான் உட்காரவில்லை.

“தங்கப்பாண்டி அண்ணன் என்ன குடுத்தாரு?”

“ஒண்ணும் குடுக்கலக்கா.”

“பின்ன?”

“எடுத்துருவேன்னாரு. இந்தக் கட்டடம் அவரு மச்சானோடது. பஸ்ல வரும்போதே போன்ல சொல்லிட்டாரு. மாவட்டத்துல உங்க பேரைத்தான் போடப்போறாங்க, நீதான் உதவி பண்ணணும், இல்லாட்டி மாசக் கடைசியில நாற்காலியைத் தூக்கித் தெருவுல வச்சுருவேன்னாரு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? அவர்கிட்டயே போயிக் கேட்டிருப்பீங்க. நீங்க அண்ணன் அண்ணன்னு அவரை நம்புனீங்க. நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?”

நம்பியிருக்க மாட்டேன்.

“தமிழ்ல போடச் சொன்னதும் அவருதானா?”

தலையாட்டினாள். “போட்டுக்கிட்டு இருக்கையில நீங்க அழுதீங்க. எனக்குப் பேனாவைக் கீழ வச்சிரலாமான்னு இருந்துச்சு.”

“வைக்கல.”

“வைக்கல.” கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். “நீங்க தோத்தாலும் வீடு இருக்குக்கா. உங்க வீட்டுக்காரரு இருக்காரு. எனக்கு இந்த ரெண்டு நாற்காலிதான். நானும் ஒன்பது வருசமா நின்னுக்கிட்டே இருக்கேன். காலு பூரா நரம்பு சுருண்டு போச்சு. உழைச்சது நீங்க மட்டும் இல்ல.”

“என்னைக் கள்ளக் கையெழுத்துப் போட்டவளா ஆக்கிட்டியே வசு. அதைத்தான் கேக்க வந்தேன். என் பதவியை எடுத்துக் குடுத்த, சரி. என் பேரை எதுக்குடி எடுத்த?”

துண்டை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

செல்போன் உறையிலிருந்து சீட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். “இது நானா எடுத்ததா, நீயா எடுத்துவச்சுக் குடுத்ததா?”

“அய்யோ, அது நெசமாவே உங்களுக்கு வந்த சீட்டுக்கா. அப்ப இந்தப் பேச்சே இல்ல. அதுல நான் பொய் சொல்லவே இல்ல.”

அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த ஒன்றை மட்டும் நான் நம்ப வேண்டும் என்று உண்மையிலேயே துடித்தாள். நம்பினேன். அதனால் என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. சீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

தங்கப்பாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்தார். பழத்தட்டோடு. இவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

“நடந்தது நடந்துருச்சு தங்கச்சி. கட்சின்னு பாத்தா நீயும் நானும் ஒண்ணுதான். பிள்ளைக்கு வார்டுல ஒரு வீடும் தெரியாது. நீ கூட நடந்து ‘இது நம்ம பொண்ணு’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உன்னை அப்புறம் கவனிக்காம விடுவனா?”

“அடுத்த தடவையா அண்ணே?”

அவருக்கு அது உறைத்ததா என்று தெரியவில்லை. “அடுத்த தடவை நிச்சயமா” என்றார்.

வரவில்லை என்றேன். காலில் வலியா என்று கேட்டார். வலி இல்லை, வரவில்லை என்றேன். கட்சிப் பத்திரிகைக்கு யாழினியின் பிரசாரம் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார். அதையும் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். போகும்போது, “கட்சிக்குத் துரோகம் பண்ணாத தங்கச்சி” என்றார். அந்தச் சொல்லை அவர் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பிரசார ஆட்டோ எங்கள் தெருவில் வந்தது. கைத்தறிப் புடவையோடு கைகூப்பிய படம். பழைய குழாய்கள், சான்றிதழ்கள், உதவித்தொகைகள் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். நான் எழுதி அனுப்பிய செய்திகளிலிருந்து எடுத்த வரிகள். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் சத்தத்தைக் குறைத்தார்கள்.

அக்டோபர் 5, சனி

வாக்குப் பதிவு.

பதினெட்டு வருடமாக இந்த நாளில் நான் வீட்டில் இருந்ததில்லை. விடிவதற்கு முன் வாசல் வாசலாகப் போய் எழுப்பியவள். இன்று இட்லி ஊற்றினேன். துணி துவைத்தேன். இவர் காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு வந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

என் ஓட்டைப் போடப் போகவில்லை.

மேட்டுத் தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேராக வாசலில் வந்து நின்றார்கள். எப்போதும் நான் போகும் வீடுகள். இன்று அவர்கள் வந்தார்கள்.

“நீங்க சொல்லுங்கக்கா. யாருக்குப் போடணும்?”

“உங்களுக்கு யாருக்குத் தோணுதோ அவங்களுக்குப் போடுங்க.”

“அதில்லக்கா, நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, “அக்கா எப்பவும் இப்படித்தான், தனக்குன்னு வாயைத் தொறக்காது” என்று மற்றவளிடம் சொல்வது கேட்டது. போய்விட்டார்கள்.

கள்ளக் கையெழுத்து என்ற பேச்சை அவர்களில் ஒருத்தியும் எடுக்கவில்லை. அதைக் கேட்கத்தான் காத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

அக்டோபர் 8, செவ்வாய்

யாழினி ஜெயித்துவிட்டாள். எங்கள் வார்டில் இதுவரை கட்சி வாங்காத வாக்கு வித்தியாசம். மேட்டுத் தெரு வாக்குச்சாவடியில்தான் அதிகம் என்று இவர் கேட்டு வந்து சொன்னார். வெடிச்சத்தம் மதியம்வரை கேட்டது.

சாயங்காலம் செல்லத்தாயி வந்தாள். மேட்டுத் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கிறவள். புருஷன் இறந்தபோது அவளுடைய விதவை உதவித்தொகைக்காக நான் தாலுகா அலுவலகத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் ஒரு பொட்டலம் லட்டு. முகமெல்லாம் சிரிப்பு.

“வாயைத் தொறங்கக்கா” என்று ஒரு துண்டை ஊட்டிவிட்டாள்.

“எதுக்கு செல்லத்தாயி?”

“என்ன எதுக்கு? ஜெயிச்சிட்டோம்ல. உங்க மனுவைத் தள்ளிட்டாங்கன்னதும் தெருவுல எல்லாருக்கும் ஆத்தாமை. அக்கா கள்ளக் கையெழுத்துப் போடுற ஆளாடான்னு நான் ஒருத்தனை வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வெரட்டினேன். அப்புறம் உக்காந்து பேசினோம். அக்கா இல்லாட்டி என்ன, அக்கா சின்னம் இருக்குல்ல. ஒரு ஓட்டு வெளிய போகக் கூடாதுன்னு வீடு வீடாப் போயிச் சொன்னேன். நீங்க எப்படிப் போவீங்களோ அப்படி. அந்தப் பிள்ளை மூஞ்சி யாருக்குத் தெரியும்? பூராவும் உங்களுக்காகப் போட்டதுக்கா.”

என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. சந்தோஷத்தில்.

இவர் கூடத்தில் இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

“உக்காரு செல்லத்தாயி, காபி போடுறேன்” என்றேன்.

பால் பொங்கி, அணைத்த பிறகும் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். லட்டு இன்னும் வாயில் இருந்தது.